பழைய பெல்லட் ஸ்டவ்வுக்குப் பார்ட் தேடும்போது: அசலா, மாற்றா, செகண்ட் ஹேண்டா, புது ஸ்டவ்வா?

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலோ கனடாவிலோ கொஞ்சம் பழைய வீடு வாங்கிய நம்மவர்கள் சிலருக்கு வீட்டோடு சேர்ந்து ஒரு பெல்லட் ஸ்டவ்வும் வந்து சேர்ந்திருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் இரும்புப் பெட்டி. இருபது, இருபத்தைந்து வருடம் ஆனவைகூட இன்னும் நன்றாக எரிகின்றன. ஆனால் ஜனவரிக் குளிரில் ஒருநாள் அது நின்றுவிட்டால் சிக்கல். கம்பெனிக்குப் போன் செய்தால் "அந்த மாடலை நிறுத்தி ரொம்ப நாளாச்சு" என்பார்கள். கம்பெனியே இல்லாமலும் போயிருக்கலாம். பக்கத்துக் கடையில் விசாரித்தால் புது ஸ்டவ் வாங்கச் சொல்வார்கள்.

அந்த இடத்தில் அவசரப்பட்டு நாலாயிரம் டாலரை எடுத்து நீட்ட வேண்டாம். பழைய ஸ்டவ்வுக்குப் பார்ட் வாங்கக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு: கம்பெனி அல்லது டீலரிடம் அசல் பார்ட், வேறு தயாரிப்பாளர் செய்த மாற்றுப் பார்ட், இன்னொரு பழைய ஸ்டவ்விலிருந்து கழற்றிய பார்ட். இவை தவிர இருப்பதையே பழுது பார்க்கலாம், அல்லது ஸ்டவ்வையே மாற்றலாம். "எப்போதும் அசல்தான்" என்பவர்களும் "மலிவானதைப் போடு, போதும்" என்பவர்களும் ஸ்டவ் முழுவதற்கும் ஒரே விதியைச் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். மோட்டாருக்குச் சரியான வழி, பாதுகாப்பு ஸ்விட்சுக்குத் தவறான வழி.

கம்பெனி போனாலும் பார்ட் ஏன் கிடைக்கிறது

பெல்லட் ஸ்டவ்வுக்குள் இருப்பவை கொஞ்சம்தான். மேலே பெல்லட் கொட்டும் ஹாப்பர். அதன் அடியில் ஆகர் என்கிற திருகுத் தண்டு. அதை மெதுவாகச் சுற்றும் கியர் மோட்டார். பெல்லட் விழுந்து எரியும் சின்னக் கிண்ணம், அதாவது பர்ன் பாட். புகையை வெளியே இழுத்துத் தள்ளும் புளோயர் ஒன்று, சூடான காற்றை அறைக்குள் ஊதும் புளோயர் ஒன்று. பற்ற வைக்கும் இக்னைட்டர், இரண்டு மூன்று பாதுகாப்பு ஸ்விட்சுகள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கன்ட்ரோல் போர்டு. அவ்வளவுதான்.

இவற்றில் பலவற்றை ஸ்டவ் கம்பெனிகள் தாங்களே செய்வதில்லை. கியர் மோட்டாரை கிளீசன்-ஏவரி, மெர்க்கிள்-கோர்ஃப் போன்ற மோட்டார் கம்பெனிகளிடமும் புளோயரை ஃபாஸ்கோ போன்றவர்களிடமும் வாங்கிப் பொருத்தினார்கள். ஒரே மோட்டார் நாலைந்து பிராண்டுகளுக்குள் வேறு வேறு பார்ட் நம்பரில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் தயாரிப்பு நின்ற பிறகும் அம்பாசடர் காருக்குப் பார்ட் கிடைப்பதுபோல இதற்கும் கிடைக்கிறது.

விட்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி விட்ஃபீல்டு என்ற விமானத் துறைப் பொறியாளர் 1980-களில் வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டு உபயோகத்துக்கான பெல்லட் ஸ்டவ்வைக் கொண்டுவந்தார். எண்ணெய் விலை எகிறிய எழுபதுகளுக்குப் பிறகு மலிவான எரிபொருளைத் தேடிய காலம் அது. விட்ஃபீல்டு பிராண்டு பின்னாளில் லெனாக்ஸ் கைக்குப் போனது. இன்று அந்த ஸ்டவ்களை யாரும் தயாரிப்பதில்லை. ஆனாலும் அட்வான்டேஜ், குவெஸ்ட் மாடல்களுக்கு ஆகர் மோட்டாரும் புளோயரும் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. கிடைக்காமல் போவது பெரும்பாலும் அந்த மாடலுக்கென்றே வார்த்த கதவு, அலங்காரத் தகடு, உள்ளே நிற்கும் வார்ப்பிரும்புச் சுவர் போன்றவைதான்.

பிராண்டைப் பொறுத்து வாங்கும் இடமும் மாறும். இங்லாண்டர் ஸ்டவ்களைச் செய்யும் வர்ஜீனியாக் கம்பெனி வீட்டுக்காரர்களுக்கே நேரடியாகப் பார்ட் விற்கிறது. ஹார்மன், குவாட்ரா-ஃபயர் இரண்டும் இப்போது ஹார்த் அண்ட் ஹோம் டெக்னாலஜிஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. அவற்றின் அசல் பார்ட் டீலர்கள் வழியாக வரும். பிரெக்வெல் இன்று டென்னசியில் உள்ள யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஸ்டவ் கம்பெனியிடம் இருக்கிறது. ஆகவே பழைய பெயரில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பெயரை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

எதற்கும் முன்னால் தகட்டைப் படியுங்கள். ஹாப்பர் மூடியின் உட்புறத்திலோ, ஸ்டவ்வின் முதுகிலோ, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தால் உள்ளேயோ ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். மாடல், சீரியல் நம்பர், தயாரித்த வருடம் எல்லாம் அதில் இருக்கும். தூசியைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் நடுவில் போர்டை மாற்றியிருப்பார்கள், புளோயரை மாற்றியிருப்பார்கள். சீரியல் நம்பர் இல்லாமல் வாங்கிய பார்ட் பொருந்தாமல் போவது சர்வ சாதாரணம்.

ஆகர் மோட்டார்: மாற்றுப் பார்ட் தாராளமாக வாங்கலாம்

பழைய ஸ்டவ்வில் அதிகம் பழுதாகும் பார்ட்டுகளில் ஆகர் மோட்டாரும் ஒன்று. அதைச் சந்தேகப்படும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைத் தண்டிலிருந்து கழற்றுங்கள். பெரும்பாலும் ஒரு சின்னத் திருகோ பின்னோதான் பிடித்திருக்கும். பிறகு ஆகர் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் குற்றம் மோட்டாரில் இல்லை. ஹாப்பரின் அடியில் சேர்ந்த மரத்தூள் ஈரம் பட்டுக் கெட்டியாகி, தண்டைச் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். ஹாப்பரைக் காலி செய்து, வேக்குவம் போட்டு, உடைத்து எடுக்க வேண்டியதுதான். இதைப் பார்க்காமல் புது மோட்டார் மாட்டினால் அதன் பற்களும் தேய்ந்து போகும்.

மோட்டார்தான் போய்விட்டது என்று உறுதியானால், மாற்றுத் தயாரிப்பை வாங்கத் தயங்க வேண்டாம். அசலுக்கும் அதற்கும் விலையில் பாதிக்குப் பாதிகூட வித்தியாசம் இருக்கும். உள்ளே இருப்பது பல நேரம் அதே வகை மோட்டார்தான். ஆனால் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

முதலாவது வேகம். நிமிடத்துக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று என்று பல வேகங்களில் வருகின்றன. ஒரு சுற்று மோட்டார் இருந்த இடத்தில் இரண்டு சுற்று மோட்டாரை மாட்டினால் பெல்லட் இரட்டிப்பாக விழும். கிண்ணம் நிரம்பி வழியும், கண்ணாடி கறுக்கும், ஸ்டவ் அளவுக்கு மீறிச் சூடேறும். இரண்டாவது, சுற்றும் திசை. வலமா இடமா என்பது எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சில விற்பனையாளர்கள் தண்டின் முனையிலிருந்து பார்த்துச் சொல்கிறார்கள், சிலர் பின்பக்கத்திலிருந்து. எப்படிப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். திசை மாறினால் மோட்டார் சுற்றும், ஆனால் ஒரு பெல்லட்கூடக் கிண்ணத்தில் விழாது. மூன்றாவது, தண்டின் பருமனும் நீளமும், அதில் துளை இருக்கிறதா, ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கிறதா என்பது.

செகண்ட் ஹேண்ட் ஆகர் மோட்டார் வேண்டாம். உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும், பற்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. மிச்சமாகும் முப்பது டாலருக்கு அது தகாது.

புளோயர்கள்

புகை புளோயர் கத்தினாலோ முனகினாலோ உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. சில மோட்டார்களில் எண்ணெய் விடச் சின்னத் துளை இருக்கும். அதில் மோட்டாருக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயைச் சில சொட்டு விட்டாலே இன்னொரு குளிர்காலம் ஓடும். துரு எடுக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள், அது சீக்கிரம் காய்ந்துவிடும். மூடிய பேரிங் உள்ள மோட்டாருக்கு இந்த வைத்தியம் இல்லை. விசிறியில் சாம்பல் அப்பிக்கொண்டு எடை ஒருபக்கமாகச் சாய்ந்தாலும் அதிர்வு வரும். கழற்றித் துலக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், புகை புளோயருக்கு அசல் அல்லது அசலோடு வேகமும் காற்றின் அளவும் பொருந்துகிற பெயர்பெற்ற மாற்று. ஸ்டவ் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதை வைத்துத்தான் எரிதலே நடக்கிறது. கொஞ்சம் குறைந்தால் சோம்பலான மஞ்சள் தீயும் கரியும். வெறும் மோட்டார் மட்டும் கிடைத்தால் பணம் மிச்சம், ஆனால் பழைய விசிறியைத் தண்டிலிருந்து எடுப்பது சுலபமில்லை. சில மாடல்களில் அந்த நட்டுக்கு இடம்புரி மரை இருக்கும், வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். கழற்றும்போது புது கேஸ்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பழையதையே வைத்து மூடினால் அந்த இடுக்கு வழியாகப் புகை அறைக்குள் வரும்.

அறைக்குள் ஊதும் புளோயருக்கு இவ்வளவு கறார் வேண்டாம். துளைகள் பொருந்தி, அளவும் மின்சாரமும் சரியாக இருந்தால் எந்த நல்ல மாற்றும் போதும். செகண்ட் ஹேண்டுகூட வாங்கலாம்.

பாதுகாப்பு ஸ்விட்சுகள்: பேரம் பேசக் கூடாத இடம்

வேக்குவம் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. புகை புளோயர் உண்மையிலேயே காற்றை இழுக்கிறதா என்று ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக உணரும். கதவு திறந்திருந்தாலோ புகைக்குழாய் அடைத்திருந்தாலோ ஆகரை நிறுத்திவிடும். அது இல்லை என்றால் புகை வீட்டுக்குள் வரலாம், தீ ஆகர் வழியாகப் பின்னோக்கி ஹாப்பர்வரை ஏறலாம். ஸ்டவ் எரிய மறுக்கும்போது இந்த ஸ்விட்சின் இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிட்டு "ஓடுது பார்" என்று விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யாராவது செய்துவைத்திருக்கிறார்களா என்று, வீட்டோடு வந்த ஸ்டவ்வில் முதல் வேலையாகப் பாருங்கள்.

இந்த ஸ்விட்ச் பழுதாவதற்கு முன்னால் குழாய்தான் அடைத்திருக்கும். குழாயை ஸ்விட்சிலிருந்து கழற்றிவிட்டு, குழாயையும் அது சேரும் துளையையும் சுத்தம் செய்யுங்கள். மாட்டியபடியே ஊதினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். ஸ்விட்சையே மாற்ற வேண்டுமானால் உங்கள் மாடலுக்குச் சொல்லப்பட்ட அழுத்த அளவோடு புதிதாக வாங்குங்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும் எந்த அழுத்தத்தில் இணையும் என்பது வேறுபடும்.

வெப்ப ஸ்விட்சுகளும் இப்படித்தான். நாணயம் அளவில் ஒரு வட்டத் தகடு, இரண்டு முனைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பியைக்கூடப் பிரித்துச் சொல்லலாம், இவற்றைச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சூடானதும் இணையும். தீ பிடித்துவிட்டது என்று போர்டுக்குச் சொல்வது அது, பெரும்பாலும் 110 அல்லது 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில். மற்றொன்று சூடு மிஞ்சினால் துண்டிக்கும், 200 டிகிரி அல்லது அதற்கு மேல். விளிம்பில் பொடி எழுத்தில் எண் அச்சாகியிருக்கும். எஃப் என்று தொடங்கினால் சூடேறும்போது இணைவது, எல் என்று தொடங்கினால் துண்டிப்பது. இவை விலை குறைந்தவை. புதிதே வாங்குங்கள், எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

இக்னைட்டர்

பென்சில் பருமனில் ஒரு உலோகக் குச்சி, உள்ளே வெப்பச்சுருள். இது தேய்ந்து போகும் பொருள், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இயல்பு. மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 120 வோல்ட்டில் 300 வாட் இக்னைட்டர் என்றால் சுமார் 48 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது, கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டினால் ஷார்ட். பருமன், நீளம், வாட் மூன்றும் ஒத்த மாற்றுப் பார்ட் இதற்குத் தாராளமாகப் போதும்.

பார்ட் வரும்வரை குளிரில் இருக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. பல மாடல்களைக் கையேட்டில் சொன்னபடி, பற்றவைப்பதற்கென்றே விற்கும் ஜெல்லைக் கொஞ்சம் பெல்லட்டில் விட்டுக் கையாலேயே பற்ற வைக்கலாம். தொடக்ககால ஸ்டவ்கள் பலவற்றில் இக்னைட்டரே கிடையாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் கிட்டேயே வரக்கூடாது. எரிகிற தீயில் ஜெல்லையும் மறுபடி ஊற்றக்கூடாது.

கன்ட்ரோல் போர்டுதான் உண்மையான தலைவலி

இதுவரை பார்த்த எல்லாவற்றுக்கும் மாற்று எளிதாகக் கிடைக்கும். போர்டு மட்டும் அந்த மாடலுக்கென்றே எழுதியது. தயாரிப்பு நின்றால் அசல் கிடைப்பது அரிது, கிடைத்தால் சில நூறு டாலர். அதனால் போர்டைக் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதும் முன் ஃபியூஸைப் பாருங்கள். ஷார்ட் ஆன இக்னைட்டர் ஃபியூஸை எரித்துவிட்டு ஸ்டவ்வை முழு இருட்டாக்கும். பார்ப்பவர் போர்டு போய்விட்டது என்பார். கெட்ட இக்னைட்டரை அப்படியே விட்டுப் புதுப் போர்டை மாட்டினால் அதற்கும் ஆபத்து.

போர்டுதான் பழுது என்றால், நான் முதலில் போவது பழைய போர்டையே பழுது பார்த்துத் தருபவர்களிடம். தபாலில் அனுப்பினால் சரிசெய்து திருப்பி அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. பழைய போர்டுகளில் போவது பெரும்பாலும் விரிந்துபோன கெப்பாசிட்டர், சூட்டில் விரிசல் விட்ட ஈயப்பற்று, எரிந்த ரிலே போன்ற சாதாரணச் சாமான்கள்தான். எலக்ட்ரானிக்ஸ் கை உள்ள நண்பர் ஒருவர் இருந்தால் அவரிடமே காட்டலாம். இரண்டாவது, மாற்றாகச் செய்த புதுப் போர்டு. பரவலாக விற்ற மாடல்களுக்கு இது கிடைக்கிறது. கடைசியாகத்தான் செகண்ட் ஹேண்ட் போர்டு, அதுவும் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று சொல்பவரிடம் மட்டும்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பார்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உங்களுடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளித்தாலும் ஹெர்ட்ஸ் மாறுவதால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், பெல்லட் அளவு தப்பும். இத்தாலிய ஸ்டவ்களில் ஒரே கம்பெனியின் போர்டு பல பிராண்டுகளுக்குள் இருப்பது உண்டு. ஸ்டவ் பெயரை விட்டுவிட்டு, போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் எங்கே கைகொடுக்கும்

கதவு, ஹாப்பர் மூடி, வார்ப்பிரும்புத் தகடு, புளோயர் கூடு, பிடிகள். தேய்மானம் இல்லாத, மின்சாரம் ஓடாத, இன்று யாரும் புதிதாகச் செய்யாத பொருள்கள். இவற்றுக்குச் சிறந்த வழி அதே மாடலில் ஓடாத ஸ்டவ் ஒன்றையே வாங்கிவிடுவது. வசந்த காலத்தில் வீட்டைக் காலி செய்பவர்கள் இலவசமாகக்கூடத் தருவார்கள், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளதைத் தூக்க ஆள் இருந்தால் சரி. கராஜில் இடம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது.

பர்ன் பாட் ஓட்டையாகி உளுத்திருந்தால் அசல் வாங்குங்கள். கிடைக்கவே இல்லை என்றால், நல்ல வெல்டிங் பட்டறையில் தடித்த ஸ்டெயின்லெஸ் தகட்டில் செய்துகொள்ளலாம். காற்றுத் துளைகளின் எண்ணிக்கையும் விட்டமும் இடமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். முன் கண்ணாடி உடைந்தால் சாதாரணக் கண்ணாடியோ டெம்பர்டு கண்ணாடியோ ஆகாது. செராமிக் கண்ணாடியை அளவு சொல்லிக் கடையில் வெட்டி வாங்கலாம், பிராண்டு பெயர் போட்டு வருவதைவிடப் பல நேரம் மலிவு. கதவின் கயிறு கேஸ்கெட் அடிக்கணக்கில் கிடைக்கும், பருமன் மட்டும் சரியாக இருக்கட்டும்.

எப்போது ஸ்டவ்வையே மாற்றுவது

எரியும் அறையின் இரும்பில் விரிசல் விழுந்தாலோ, தீயின் சூட்டை அறைக் காற்றுக்கு மாற்றும் குழாய்களில் துரு ஓட்டை போட்டாலோ பார்ட் தேடுவதை நிறுத்திவிட வேண்டும். அதை வெல்டு செய்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. போர்டு அசலும் இல்லை, மாற்றும் இல்லை, பழுதுபார்க்கவும் முடியாது என்ற நிலையும் அப்படியே. போர்டும் இரண்டு புளோயரும் ஒரே வருடத்தில் கேட்டால் அப்போதும் கணக்குப் போடலாம்.

கணக்கில் ஸ்டவ் விலை மட்டும் போதாது. புகைக்குழாயை மாற்ற வேண்டியிருக்கலாம், பொருத்தும் கூலி, பெர்மிட் உண்டு. கனடாவில் காப்பீட்டுக் கம்பெனி வெட் (WETT) என்ற, மரம் எரிக்கும் ஸ்டவ்களுக்கான பாதுகாப்புப் பரிசோதனையைக் கேட்கலாம். அமெரிக்காவில் 2023 முதல் திறன் மிகுந்த பெல்லட் ஸ்டவ்வுக்கு 30 சதவீதம், அதிகபட்சம் 2000 டாலர் வரிச்சலுகை இருந்தது. 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு பொருத்தியவற்றுக்கு அது இல்லை. பழுது பார்ப்பதன் பக்கம் தராசு இன்னும் சாய்ந்திருக்கிறது. புது ஸ்டவ்வுக்காகப் பேசுவது 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த புகை வரம்பு. மணிக்கு 2 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் ஸ்டவ்வை இன்று அங்கே புதிதாக விற்க முடியாது. பழையவற்றில் பல, அதிகக் காற்றை இழுத்து எரிப்பவை என்ற காரணத்தால் 1988-ஆம் வருட விதிகளிலிருந்தே தப்பியவை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ குழந்தைகளோ இருந்து, ஸ்டவ் எப்போதும் புகைந்துகொண்டே இருந்தால், பார்ட் கிடைத்தாலும் மாற்றுவதுதான் சரி.

மற்றபடி ஸ்டவ்வை ஓட்டுவதாக முடிவெடுத்தால், ஏப்ரலில் கடைசியாக அணைத்துச் சுத்தம் செய்யும்போதே தேடலைத் தொடங்குங்கள். டிசம்பரில் டீலரிடம் இருப்பு தீர்ந்திருக்கும், பழுதுபார்க்கும் கடைகளில் வரிசை நிற்கும். ஒரு இக்னைட்டர், இரண்டு ஃபியூஸ், வேக்குவம் குழாய் ஒரு முழம், கதவுக் கயிறு இவ்வளவும் கையிருப்பில் இருக்கட்டும். ஸ்டவ் இருக்கும் அறையிலும் படுக்கையறைப் பக்கமும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, அதன் ஆயுள் முடிந்துவிட்டதா என்றும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.